மிக எளிய உயிர் எது? மரபணுவை எண்ணும்போது தீனியையும் எண்ணுங்கள்

மிக எளிய உயிர் எது என்று கேட்டால், பழைய பாடப்புத்தகத்தில் படித்தவர்கள் அமீபா என்பார்கள். போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள் மைக்கோபிளாஸ்மா என்பார்கள். வைரஸ்தான் என்று அடித்துச் சொல்ல ஒருவர் நிச்சயம் இருப்பார். அறிவியல் செய்திகளை விடாமல் படிப்பவர், 2016இல் அமெரிக்காவில் உருவாக்கிய 473 மரபணு செல்லைச் சொல்வார். கேள்வித்தாள் எழுதும் ஆசிரியருக்கும், செய்முறை வகுப்புக்கு மாதிரி தேடுபவருக்கும், திட்டப்பணிக்கு ஓர் உயிரியைப் பிடிக்க அலையும் கல்லூரி மாணவருக்கும் ஒரே பதில் சரிவராது. எது யாருக்குப் பொருந்தும், எங்கே காலை வாரும் என்று பார்ப்போம்.

அமீபாவை இப்போதே கழித்துவிடலாம். ஒரே செல்தான், ஆனால் அந்த ஒரு செல்லுக்குள் உட்கரு, மைட்டோகாண்ட்ரியா, உணவுக் குமிழ், தண்ணீரை வெளியேற்றும் சுருங்கு குமிழ் எல்லாம் இருக்கின்றன. உட்கரு உள்ளவற்றில் சிறியதாகக் கருதப்படும் ஈஸ்ட்டுக்கே சுமார் 1.2 கோடி கார இணைகளும் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) 6,000 மரபணுக்களும் உண்டு. ஒரு செல் என்பதாலேயே எளிமை வந்துவிடாது.

மற்றவற்றை ஒப்பிட வழக்கமான அளவுகோல் மரபணு எண்ணிக்கை. அது நல்ல அளவுகோல்தான், பாதி அளவுக்கு. ஈ.கோலை பாக்டீரியாவுக்கு 46 லட்சம் கார இணைகள், சுமார் 4,300 மரபணுக்கள். குளுக்கோஸும் அம்மோனியம், பாஸ்பேட், மெக்னீசியம் போன்ற உப்புகளும் கலந்த தண்ணீர் கொடுத்தால் போதும், இருபது அமினோ அமிலங்களையும் தானே சமைத்துக்கொள்ளும். செல் சுவர் இல்லாத சிறு பாக்டீரியாவான மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியத்துக்கு 5.8 லட்சம் கார இணைகள்தான். ஆனால் அமினோ அமிலம், வைட்டமின், நியூக்ளியோசைடு, கொழுப்பு அமிலம், கொலஸ்ட்ரால் எல்லாவற்றையும் தட்டில் வைத்து நீட்ட வேண்டும். மூன்று வேளையும் ஓட்டலில் சாப்பிடுபவர் வீட்டுச் சமையலறையில் பாத்திரம் குறைவாக இருப்பதில் ஆச்சரியம் என்ன? அதனால் ஒரு உயிரியின் மரபணு எண்ணிக்கையைச் சொல்லும்போதெல்லாம், அது எதைத் தின்று வாழ்கிறது என்பதையும் பக்கத்திலேயே எழுத வேண்டும். இல்லாவிட்டால் அந்த எண்ணுக்குப் பொருள் கிடையாது.

செல்லாக இல்லாதவை

எண்ணிக்கையை மட்டும் பார்த்தால் முதல் பரிசு வைராய்டுக்கு. உருளைக்கிழங்கை ஒல்லியாக, கதிர் போல நீளவைக்கும் நோய்க்குக் காரணமான வைராய்டு வெறும் 359 நியூக்ளியோடைடு (ஆர்.என்.ஏ. இழையின் ஒரு கண்ணி) நீளமுள்ள வளையமான ஆர்.என்.ஏ. 1971இல் தியோடர் டைனர் இதற்கு வைராய்டு என்று பெயரிட்டார். பிலிப்பைன்ஸில் கோடிக்கணக்கான தென்னைகளை அழித்த கடாங்-கடாங் நோயின் வைராய்டு இன்னும் சிறியது, 246 நியூக்ளியோடைடுதான். இவற்றில் ஒரு புரதத்துக்கான குறிப்புகூட இல்லை. உருளைக்கிழங்கு வைராய்டு செடியின் ஆர்.என்.ஏ. பாலிமரேஸ் 2 நொதியை ஏமாற்றித் தன்னை நகலெடுக்க வைக்கிறது. நொதி வளையத்தைச் சுற்றிச் சுற்றி நீளமான இழையாக நகலெடுக்கும், அந்த இழை அளவாக வெட்டுப்பட்டு மறுபடி வளையமாக ஒட்டப்படும். வேலை அவ்வளவுதான். செய்வது முழுக்கச் செடி.

வைரஸ் ஒரு படி மேல். பாக்டீரியாவைத் தாக்கும் எம்.எஸ்.2 வைரஸுக்கு 3,569 நியூக்ளியோடைடு, நான்கு மரபணு. முழு ஜீனோம் (மரபுத் தகவல் மொத்தமும்) வாசிக்கப்பட்ட முதல் வைரஸ் இதுதான், ஆண்டு 1976. மறுகோடியில் மிமிவைரஸ் இருக்கிறது. சுமார் 12 லட்சம் கார இணைகள், ஏறத்தாழ ஆயிரம் மரபணுக்கள், அதாவது மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியத்தைப் போல் இரு மடங்கு. அத்தனை இருந்தும் புரதம் கட்டும் இயந்திரமான ரைபோசோம் இல்லாததால் ஒரு புரதத்தைக்கூடத் தானாகச் செய்துகொள்ள முடியாது. மரபணு எண்ணிக்கை மட்டும் போதாது என்பதற்கு இதைவிட நல்ல சாட்சி வேண்டாம்.

எல்லாவற்றையும் தட்டில் வைத்துக் கொடுத்தால் என்ன ஆகும் என்பதை அமெரிக்க உயிரியலாளர் சோல் ஸ்பீகல்மன் 1967இல் சோதனைக் குழாயிலேயே காட்டினார். க்யூ பீட்டா வைரஸின் ஆர்.என்.ஏ., அதை நகலெடுக்கும் நொதி, கட்டுமான நியூக்ளியோடைடுகள், இந்த மூன்றும்தான் குழாயில். சிறிது நேரம் பெருகவிட்டு ஒரு துளியைப் புதுக் குழாய்க்கு மாற்றுவார்கள், மறுபடியும் அப்படியே. விரைவாக நகலாவதற்கு மட்டுமே பரிசு. 74ஆவது மாற்றத்தில் அந்த ஆர்.என்.ஏ. தன் நீளத்தில் 83 சதவீதத்தை உதறியிருந்தது. உறை, தொற்றும் திறன் எல்லாம் போய், நொதி பிடித்துக்கொள்ளும் கைப்பிடி மட்டும் மிச்சம்.

1990களில் நாசா வட்டாரத்தில் உருவாகிப் பரவலாகப் புழங்கும் வரையறை, உயிர் என்பது தன்னைத்தானே நடத்திக்கொள்ளும், டார்வினியப் பரிணாமத்துக்கு உட்படும் வேதியியல் அமைப்பு என்கிறது. வைராய்டும் வைரஸும் இரண்டாம் பாதியில் தேறும், முதல் பாதியில் தோற்கும். நோய் பரப்பும் புரதமான பிரியானுக்கு ஜீனோமே இல்லை, அதைப் பட்டியலிலேயே சேர்க்க வேண்டாம். 'பரிணாமம் அடையும் மிகச் சிறிய பொருள் எது' என்று கேள்வி எழுதினால் வைராய்டு சரியான விடை. 'மிக எளிய உயிர்' என்று எழுதிவிட்டு வைரஸை விடையாக வைத்தால் மறுமதிப்பீட்டு மனுக்கள் வரத்தான் செய்யும்.

பூச்சிக்குள் குடியிருப்பவை

செல் என்று ஒப்புக்கொள்ளக்கூடியவற்றில் மிகச் சிறிய ஜீனோம்கள் சாறு உறிஞ்சும் பூச்சிகளுக்குள் கிடைக்கின்றன. சில்லிட் பூச்சிக்குள் வாழும் கார்சொனெல்லா 1,59,662 கார இணைகளும் 182 புரத மரபணுக்களும் கொண்டது என்று 2006இல் தெரிந்தபோது அதுவே சாதனை. தத்துப்பூச்சியின் நாசுயா அதைவிடவும் சிறியது என்று 2013இல் தெரிந்தது. 1,12,091 கார இணைகள், 137 புரத மரபணுக்கள்.

செடியின் சாற்றில் சர்க்கரை நிறைய, அமினோ அமிலம் குறைவு. அந்தக் குறையை நிரப்பத்தான் பூச்சி இந்த பாக்டீரியாக்களைத் தனிச் செல்களில் வைத்து வளர்க்கிறது. நாசுயாவின் பங்கு ஹிஸ்டிடின், மெத்தியோனின் இரண்டும். மீதி எட்டு அத்தியாவசிய அமினோ அமிலங்களை அதே பூச்சியில் வாழும் சுல்சியா என்ற இன்னொரு பாக்டீரியா செய்கிறது. ஆனால் தன் சவ்வைக் கட்டவும் டி.என்.ஏ.வைப் பழுதுபார்க்கவும் தேவையான மரபணுக்களில் பலவற்றை நாசுயா இழந்துவிட்டது. பூச்சிக்கு வெளியே எந்த வளர்ப்பு ஊடகத்திலும் (செயற்கை உணவுக் கரைசல்) இவற்றை யாரும் வளர்த்ததில்லை. மாவுப்பூச்சியின் டிரெம்ப்ளயா கதை இன்னும் விசித்திரம். அதன் உடலுக்குள்ளேயே வேறொரு பாக்டீரியா குடியிருக்கிறது, ஓர் அமினோ அமிலத்தைச் செய்ய இரண்டும் பூச்சியும் படிக்கு ஒன்றாக நொதிகளைப் பகிர்ந்துகொள்கின்றன.

நம் மைட்டோகாண்ட்ரியாவுக்கு 16,569 கார இணைகள், 37 மரபணுக்கள். அதுவும் ஒரு காலத்தில் தனி பாக்டீரியாதான். இன்று அதை உயிரி என்று யாரும் எண்ணுவதில்லை. நாசுயா அந்தப் பாதையில் பாதி தூரம் போய்விட்ட ஒன்று. 'ஜீனோம் சிறியது' என்ற தனிக் கேள்விக்கு மட்டும் இதைப் பயன்படுத்துங்கள்.

பாக்டீரியா போலவே உட்கரு இல்லாத இன்னொரு பெருங்குழுவான ஆர்க்கியா பக்கம் நானோஆர்க்கியம் ஈக்விடன்ஸ் உண்டு. ஐஸ்லாந்துக்கு வடக்கே கடலடி வெந்நீர் ஊற்றுப் பகுதியில் கிடைத்து 2002இல் அறிவிக்கப்பட்டது. 4.9 லட்சம் கார இணைகள், 400 நானோமீட்டர் பருமன். இன்னொரு ஆர்க்கியாவின் மேல் ஒட்டிக்கொண்டால்தான் வாழும்.

தனியாக வளர்க்கக்கூடியவற்றில் சிறியது

நம் ஒப்பீட்டின் நடுமையம் இதுதான். வேறு உயிருள்ள செல் பக்கத்தில் இல்லாமல், குடுவையில் தனியாக வளரக்கூடியவற்றில் குறைந்த மரபணு எதற்கு? இயற்கையில் கிடைப்பவற்றில் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம். 1980களின் தொடக்கத்தில் லண்டனில் சிறுநீர்க்குழாய் அழற்சி நோயாளிகளிடமிருந்து பிரித்தெடுக்கப்பட்டது. 1995இல் ஜீனோம் முழுவதும் வாசிக்கப்பட்டது. 482 புரத மரபணுக்களில் ஒவ்வொன்றாகச் சிதைத்துப் பார்த்தபோது 382 அத்தியாவசியம் என்று 2006இல் கணக்கு வந்தது. அப்படியானால் மீதி நூறையும் ஒரேயடியாக நீக்கிவிடலாமா? முடியாது, அங்கேதான் சிக்கல்.

அமெரிக்க மரபியலாளர் கிரெய்க் வென்டரின் ஆய்வு நிறுவனம் முதலில் இந்த உயிரியை வைத்தே செயற்கை ஜீனோம் கட்டியது. ஆனால் இது காலனி காட்டவே வாரக்கணக்கில் ஆகும், ஒவ்வொரு சோதனையின் முடிவுக்கும் அவ்வளவு காத்திருக்க முடியாது. அதனால் ஆடு மாடுகளைத் தாக்கும் மைக்கோபிளாஸ்மா மைக்காய்டஸுக்கு மாறினார்கள். சுமார் 10.8 லட்சம் கார இணை கொண்ட அதன் ஜீனோமை வேதியியல் முறையில் செய்து, ஈஸ்ட்டுக்குள் கோத்து, மைக்கோபிளாஸ்மா கேப்ரிகோலம் செல்லுக்குள் புகுத்தினார்கள். ஈஸ்ட்டிலிருந்து எடுத்த டி.என்.ஏ.யில் பாக்டீரியாவின் மெத்தில் அடையாளங்கள் (தன் டி.என்.ஏ. என்று காட்டும் வேதிக் குறிகள்) இருக்காது. ஏற்கும் செல்லின் வெட்டு நொதிகள் அதை அந்நிய டி.என்.ஏ. என்று துண்டாக்கிவிடும். மெத்தில் பூசுவது, அல்லது வெட்டு நொதி மரபணுவைச் செயலிழக்கச் செய்வது, இரண்டில் ஒன்றுதான் வழி. இதையெல்லாம் தாண்டியும் செல் உயிர்பெறவில்லை. நகலெடுப்பைத் தொடங்கிவைக்கும் டி.என்.ஏ.ஏ மரபணுவில் ஒரே ஒரு கார இணை விடுபட்டிருந்ததுதான் காரணம். பத்து லட்சத்தில் ஒன்று. அதைத் திருத்திய பிறகு 2010இல் சின் 1.0 என்று பெயரிட்ட அந்தச் செயற்கை ஜீனோம் செல் வளர்ந்தது.

அடுத்து குறைக்கும் வேலை. இருக்கிற அறிவை வைத்துக் காகிதத்தில் 'இவை போதும்' என்று வரைந்த முதல் குறும வடிவம் உயிர்பெறவில்லை. காரணங்கள் இரண்டு. ஒன்று, ஒரே வேலையை இரண்டு மரபணுக்கள் செய்யும் இடங்கள். எதைத் தனியாக எடுத்தாலும் செல் பிழைக்கும், இரண்டும் 'தேவையற்றவை' பட்டியலில் ஏறும், இரண்டையும் எடுத்தால் சாகும். இன்னொன்று, பாதி அத்தியாவசிய மரபணுக்கள். அவை இல்லாவிட்டால் சாகாது, ஆனால் ஆய்வுக்கு உதவாத வேகத்தில் ஊர்ந்து வளரும். ஜீனோமை எட்டுத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டையும் தனித்தனியே சுருக்கி, மீதி ஏழு துண்டுகளை அப்படியே விட்டுச் சோதித்துத்தான் இவற்றைப் பிரித்தார்கள். 2016இல் வந்த சின் 3.0இல் 5.31 லட்சம் கார இணைகள், 473 மரபணுக்கள். இரட்டிப்புக்கு மூன்று மணி நேரம், சின் 1.0க்கு ஒரு மணி நேரம்.

அந்த 473இல் 195 மரபணுக்கள் ஜீனோமை வாசித்துப் புரதமாக்கும் வேலையில். சவ்வுக்கு 84, உள் வளர்சிதை மாற்றத்துக்கு 81, ஜீனோமைக் காத்து நகலெடுக்க 34. மீதி 79க்கு எந்த வகையிலும் இடம் ஒதுக்க முடியவில்லை. வேலை ஓரளவு மட்டும் ஊகிக்கக்கூடியவற்றையும் சேர்த்தால் 149. எளிமையின் உச்சம் என்று கட்டிய செல்லிலேயே ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு என்ன செய்கிறது என்று அன்று கட்டியவர்களுக்கே தெரியாது. அந்த எண் பிறகு குறைந்துகொண்டே வந்தது.

சின் 3.0க்கு இன்னொரு குறை. செல்கள் ஒரே அளவாகப் பிரியாமல் இழையாகவும் கொப்புளமாகவும் தாறுமாறாகின. 19 மரபணுக்களைத் திருப்பிச் சேர்த்து 2019இல் வெளிவந்த சின் 3ஏ (5.43 லட்சம் கார இணை, 493 மரபணு) ஒழுங்காகப் பிரிகிறது, சுமார் இரண்டு மணி நேரத்தில் இரட்டிக்கிறது. அந்த 19இல் ஏழு இருந்தாலே பிரிவு ஒழுங்காகிவிடும் என்று 2021இல் தெரிந்தது. ஆக, 'குறைந்தபட்சம்' என்ற எண்ணே, செல்லிடமிருந்து எவ்வளவு ஒழுங்கை எதிர்பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. இந்தக் குறும செல் 2,000 தலைமுறை வளர்ந்து, சுருக்கத்தால் இழந்த திறனைப் பரிணாமத்தால் மீட்டுக்கொண்டது என்பதும் 2023இல் வெளியானது.

தீனியை மறந்துவிடக் கூடாது. இவை வளரும் எஸ்.பி.4 ஊடகத்தில் சுமார் 17 சதவீதம் கன்றுக் கரு சீரம், ஈஸ்ட் சாறு, பெப்டோன்கள். அந்தக் குடுவையில் இருக்கும் மூலக்கூறுகளைச் செய்ய ஒரு பசுவும் ஒரு ஈஸ்ட்டும் உழைத்திருக்கின்றன.

தன் காலில் நிற்பவை

தீனியையும் எளிமையாக்கினால் ஜீனோம் பெரிதாகியே தீரும். கடலில் தனித்து வாழும் பெலாஜிபாக்டர் யுபிக்கின் ஜீனோம் 13 லட்சம் கார இணை, 1,354 புரத மரபணு. அடுத்தடுத்த மரபணுக்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் இடைநிலை அளவு மூன்றே கார இணை, அதாவது வீண் இடம் என்று எதுவும் கிடையாது. ஆனாலும் கிளைசின் அல்லது செரின், பைருவேட், மெத்தியோனின் போன்ற ஒடுக்கப்பட்ட கந்தகச் சேர்மம் வேண்டும். அகார் தட்டில் வராது, குடுவையிலும் தண்ணீர் கலங்கலாகத் தெரியும் அடர்த்திக்கு வழக்கமாக வளராது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தொடவே வேண்டாம்.

சூரிய ஒளி, கரியமில வாயு, உப்புகள் மட்டும் போதும் என்ற கட்டத்தில் புரோகுளோரோகாக்கஸ். எம்.இ.டி.4 வகைக்கு 16.6 லட்சம் கார இணை, சுமார் 1,700 மரபணு. எங்கள் பார்வையில் 'எளிய உயிர்' என்ற பட்டத்துக்கு உண்மையில் உரிமை உள்ளது இதுதான், ஏனென்றால் பெரும்பாலும் யாருடைய சமையலையும் நம்பவில்லை. பெரும்பாலும் என்று சொல்லக் காரணம் உண்டு. ஹைட்ரஜன் பெராக்சைடை உடைக்கும் கேட்டலேஸ் நொதியை இது இழந்துவிட்டது. பக்கத்தில் உள்ள பிற பாக்டீரியாக்கள் பெராக்சைடைக் குறைத்துக் கொடுத்தால்தான் நன்றாக வளரும்.

உருவ அளவை வைத்து மட்டும் முடிவு செய்யாதீர்கள். ரைபோசோம் ஒன்றே 20 நானோமீட்டர் பருமன். டி.என்.ஏ., புரதங்கள், போதுமான ரைபோசோம்கள் எல்லாம் அடங்க, தனித்து வாழும் செல்லுக்குச் சுமார் 200 நானோமீட்டர் விட்டமாவது வேண்டும் என்று 1999இல் அமெரிக்க நிபுணர் குழு கணக்கிட்டது. அதைவிடச் சிறிய 'நானோபாக்டீரியா' என்று பரபரப்பாகப் பேசப்பட்டவை, புரதத்தோடு சேர்ந்து படியும் கால்சியம் தாதுத் துகள்கள் என்று தெரிந்து போயின.

எதைத் தேர்ந்தெடுப்பது?

கேள்வித்தாளுக்கு: 'செயற்கை ஊடகத்தில் தனியாக வளரக்கூடிய, இயற்கையான உயிரிகளில் மிகச் சிறிய ஜீனோம்' என்று முழுதாக எழுதினால் மைக்கோபிளாஸ்மா ஜெனிடாலியம் என்ற விடைக்குச் சர்ச்சை வராது. 'இயற்கையான' என்ற சொல்லை விட்டால் சின் 3.0 உள்ளே வரும், 'தனியாக' என்பதை விட்டால் நாசுயா வரும்.

கணினி மாதிரிக்குச் சின் 3ஏ. ஒரு செல்லின் வினைகளை முழுமையாகக் கணிக்கும் மாதிரி 2022இலேயே வந்துவிட்டது, ஒப்பிட்டுப் பார்க்கத் தரவு இருக்கிறது.

பள்ளி நுண்ணோக்கிக்கு மைக்கோபிளாஸ்மா ஒத்துவராது. ஒளி நுண்ணோக்கியின் பிரித்தறியும் எல்லையே சுமார் 0.2 மைக்ரான், அதனால் புள்ளிதான் தெரியும். தயிரை எடுங்கள். பாலில் வாழ்ந்து பழகி மரபணுக்களை இழந்துகொண்டிருக்கும் லாக்டோபேசில்லஸ் பல்காரிகஸின் ஜீனோம் 18.6 லட்சம் கார இணைதான். வீட்டுத் தயிரில் எந்தெந்த இனம் என்பது வீட்டுக்கு வீடு மாறும், ஆனால் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் நிச்சயம் இருக்கும். கட்டித் தயிரைத் தொடாமல் மேலே தெளிந்த நீரில் ஒரு துளியைப் பத்து மடங்கு நீர்த்து, மெல்லியதாகத் தடவி, காற்றில் உலர்த்தி, சுடரில் இரண்டு மூன்று முறை காட்டி, மெத்திலீன் நீலம் ஒன்றிரண்டு நிமிடம் விட்டுக் கழுவி, 100 எக்ஸ் எண்ணெய் லென்ஸில் பாருங்கள். தயிரை அப்படியே தடவினால் கேசின் புரதம் நீலமாகப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் மறைத்துவிடும்.

கல்லூரித் திட்டப்பணிக்கு ஜெனிடாலியம் வேண்டாம். மனிதருக்குப் பாலுறவால் பரவும் நோய்க்கிருமி அது, எளிதில் வளரவும் மாட்டேன் என்கிறது. சின் 3ஏ மரபணு மாற்றிய உயிரி, இந்தியாவில் நிறுவன உயிர்ப்பாதுகாப்புக் குழுவின் வழியாகத்தான் போக வேண்டும். எங்கள் தேர்வு மீசோபிளாஸ்மா ஃப்ளோரம் எல்1. அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் எலுமிச்சைப் பூவிலிருந்து எடுத்தது, நோய்க்கிருமி இல்லை. 7.93 லட்சம் கார இணை, 700க்கும் குறைவான மரபணு, அரை மணி நேரத்துக்குச் சற்று மேல் இரட்டிப்பு.

100 மி.லி. ஊடகத்துக்கு ஹார்ட் இன்ஃபியூஷன் பிராத் தூள் 1.75 கிராம், சுக்ரோஸ் 4 கிராம், ஈஸ்ட் சாறு 1.35 கிராம், அமிலம் கூடினால் நிறம் மாறும் ஃபீனால் ரெட் 4 மி.கிராம், குதிரை சீரம் 20 மி.லி., பென்சிலின் ஜி மி.லி.க்கு 200 யூனிட். சீரத்தையும் பென்சிலினையும் ஒதுக்கிவைத்து மற்றவற்றை ஆட்டோகிளேவ் செய்யுங்கள். கை பொறுக்கும் சூட்டுக்கு வந்த பிறகே சீரத்தைச் சேர்க்க வேண்டும், சூட்டில் ஊற்றினால் உறைந்துவிடும். பென்சிலின் செல் சுவர் உள்ள பாக்டீரியாக்களை மட்டும் தடுக்கும், சுவரே இல்லாத இதை ஒன்றும் செய்யாது. வளர்ப்பு 34 டிகிரியில்.

வளர்ந்ததைக் கலங்கலை வைத்துக் கண்டுபிடிக்க முயலாதீர்கள், செல் சிறியது என்பதால் குடுவை தெளிவாகவே தோன்றும். நிறம்தான் சாட்சி. அமிலம் கூடக்கூட சிவப்பு ஆரஞ்சாகி மஞ்சளாகும். நன்றாக மஞ்சளான குடுவையில் பெரும்பகுதி செத்துப்போயிருக்கும், ஆரஞ்சிலேயே அடுத்த குடுவைக்கு மாற்ற வேண்டும். ஒரு சதவீதம் விதைத்தால் நான்கு மணி நேரத்திலேயே பழைய அடர்த்திக்கு வந்துவிடும், மாலையில் விதைத்துவிட்டுக் காலையில் வந்தால் ஒன்றும் மிஞ்சாது. இரவு முழுக்க விட வேண்டுமென்றால் 1.8 மி.லி. ஊடகம் உள்ள எட்டுக் குழாய்களில் 0.2 மி.லி. வீதம் வரிசையாக நீர்த்துக்கொண்டு போங்கள். காலையில் ஆரஞ்சாக இருக்கும் குழாயை எடுத்துக்கொள்ளலாம். விதைக்காத குழாய் ஒன்று எப்போதும் கூடவே இருக்கட்டும். கரியமில வாயு இன்குபேட்டரில் வைத்தால் அந்தக் குழாயே மஞ்சளாகி, வளராததை வளர்ந்தது என்று காட்டும். விதைத்த குழாய் பால் போலக் கலங்கினால் அது மீசோபிளாஸ்மா அல்ல, பென்சிலினுக்கு அடங்காத வேறு பாக்டீரியா புகுந்துவிட்டது.

செல்லைக் கழுவக் காய்ச்சி வடித்த நீரை எடுத்தால் சுவர் இல்லாததால் வெடித்துவிடும், உப்பும் சுக்ரோஸும் சேர்த்த தாங்கல் கரைசல் வேண்டும். கிராம் சாயம் இதற்குப் பயன்படாது. இந்தக் குடும்பத்தின் செல்கள் நெகிழ்ந்து 0.22 மைக்ரான் வடிகட்டியிலும் நுழைந்துவிடும், ஆகவே வடிகட்டியதால் ஊடகம் சுத்தம் என்று நம்பக் கூடாது. அதே காரணத்தால், விலங்கு செல் வளர்ப்பு நடக்கும் அறையிலும் அதன் காற்றோட்டப் பெட்டியிலும் இந்த வேலையைச் செய்யவே கூடாது. மேசையை 70 சதவீத ஆல்கஹாலால் துடைப்பது போதும், குடுவைகளை 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்த பிறகே கழுவப் போடுங்கள்.